மல்லனுக்குப் பக்கத்து இலை

முன்னொரு காலத்தில், கணினிகள் வந்த பிறகும் ராஜாக்கள் போகாமலிருந்த ஒரு காலத்தில், மகிழவர்மன் என்றொரு ராஜா இருந்தான். அரண்மனைப் பெரிய கணினி ஊர்க் கணினிகளுக்கெல்லாம் உத்தரவு போடுவது அவனுக்குப் பொறுக்கவில்லை. இந்த நாட்டுக்கு ராஜா நான் ஒருவன் போதும் என்று அதைத் தூக்கிக் குதிரை லாயத்தில் போட்டுவிட்டான். இனி வீட்டுக் கணினிகள் தலைவன் இல்லாமல் தங்களுக்குள்ளேயே பேசி வேலையை முடிக்க வேண்டுமாம்.

முதல் வேலை, இளவரசியின் கல்யாணத்தன்று மழை வருமா என்று கணக்கிடுவது. மந்திரி பிரம்மராயர் கணக்கை எல்லாக் கணினிகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தார். மற்றவை முடித்துவிட்டுச் சும்மா கிடக்க, ஒன்று மட்டும் முக்கி முனகிக்கொண்டே இருந்தது. அது அரசவையில் விகடம் பேசும் நல்லாண்டி வீட்டு ஓட்டைக் கணினி.

நல்லாண்டியைக் கண்டாலே பிரம்மராயருக்கு வயிறு எரியும். "அரசே, பங்கு எல்லோருக்கும் சமம். ஆகவே தாமதம் இவன் குற்றமே. இவனை நாடு கடத்துங்கள்" என்றார். நாளை மாலைக்குள் விடை வராவிட்டால் மூட்டை கட்டு என்று ராஜாவும் சொல்லிவிட்டான். போகுமுன் எல்லோருக்கும் ஒரு விருந்து போட மட்டும் நல்லாண்டி அனுமதி கேட்டான்.

மறுநாள் மதியம் பந்தி. நடுவில் ஒட்டடைக்கம்பு மாதிரி பிரம்மராயர். ஒரு பக்கம் ராஜா, மறுபக்கம் அரண்மனை மல்லன். சாப்பாட்டுக்குப் பின் ஒவ்வொருவர் அருகிலும் ஒரே அளவான ஒரு கூடை லட்டு வந்தது. மல்லன் கண்மூடித் திறப்பதற்குள் முடித்து ஏப்பம் விட்டான். இனிப்பென்றால் உயிரை விடும் ராஜாவும் முடித்துவிட்டான். பிரம்மராயரோ நாலாவது லட்டிலேயே விழி பிதுங்கி, இரண்டு கையாலும் இலையை மறைத்தார். பங்கு சமம் ஐயா என்று நல்லாண்டி கூடையை இன்னும் அருகே நகர்த்தினான்.

அந்த ஊர்ப் பந்தியில் கடைசி ஆள் முடிக்காமல் யாரும் எழக் கூடாது, ராஜாவே ஆனாலும். கை காய்ந்துவிட்டது, தூக்கம் சொக்குகிறது, வெற்றிலை வேறு காத்திருக்கிறது. ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நல்லாண்டி, மந்திரியார் கூடையில் கைபடாத லட்டுகளை, பக்கத்தில் சும்மா இருக்கும் மல்லனிடம் தள்ளு. பந்தி முடியட்டும்."

"உத்தரவு, அரசே. இதையே ஊர்க் கணினிகளுக்கும் சொல்லிவிடட்டுமா?"

ராஜா ஒரு கணம் விழித்தான். பிறகு புரையேறும்வரை சிரித்தான்.

வேலை முடித்த கணினி சும்மா இராமல் பக்கத்து வீட்டைக் கேட்டு, தொடாத பங்கை வாங்கிக்கொண்டது. ராஜா வெற்றிலை மென்று முடிப்பதற்குள் விடை வந்தது. கல்யாணத்தன்று கொட்டும் மழை. பந்தலுக்குக் கூரை போடச் சொல்லிவிட்டு, நல்லாண்டிக்குப் பொன்முடிப்பும் புத்தம்புதுக் கணினியும் கொடுத்தான் ராஜா. ஓட்டைக் கணினியைப் பிரம்மராயர் வீட்டுக்கு அனுப்பினான்.

கல்யாணப் பந்தியில் ராஜா அருகே மந்திரிக்கு இலை போட்டிருந்தார்கள். பிரம்மராயர் அதைத் திரும்பியும் பார்க்காமல், மல்லனைத் தேடிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.