மாதா படத்துக்குப் பின்னே ஒரு விளக்கு

தூத்துக்குடியில் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. எஞ்சினுக்கு நோவு வந்தால் எரிகிற மஞ்சள் விளக்கு ஒன்று அதன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தது. சாவி திருப்பும்போது ஒரு நொடி மின்னுவதோடு சரி; பத்தொன்பது வருசமாக அதற்கு வேறு வேலையே வரவில்லை.

காருக்குச் சொந்தக்காரி பிலோமினா. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கென்றே வண்டி பழகியவள். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். இப்போது கார் ஞாயிறு பூசைக்கு மட்டும் போய்வரும். மற்ற நாளெல்லாம் நிறுத்தின இடத்திலேயே பழங்கதை பேசும்.

“ரீகன் கொட்டுன மாம்பழ ஜூஸ் கறை இன்னும் என்கிட்ட இருக்கு,” என்று பின் சீட் பெருமையடிக்கும்.

“ஜெனிட்டா என்னை அமுக்கி அமுக்கியே தெருவை எழுப்புவா. இப்பத் தொட ஆளில்ல,” என்று ஹாரன் பெருமூச்சு விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விளக்கு எரிந்தது.

எஞ்சின் பதறியது. “ஏ, அணைஞ்சிரு! கிறிஸ்மசுக்கு வர்ற ரீகன் பாத்தா, வித்துரும்மான்னு நிப்பான். பழைய இரும்புக் கடையில கிடக்கணும் நாம.”

“நானா எரியுதேன்? உனக்கு நோவுது, நான் எரியுதேன்.”

பிலோமினாவுக்கும் அதே பயம். வண்டி போனால் பிள்ளைகளின் சின்ன வயசும் கூடவே போய்விடும் என்றிருந்தது. ஜெபப் புத்தகத்துக்குள் இருந்த சின்ன மாதா படத்தை எடுத்து, பசை தடவி, விளக்கை மறைத்து ஒட்டினாள். “தாயே, நீயே பாத்துக்கோ.”

பின்னால் வெளிச்சம் பட்டு மாதா முகம் தங்கமாய் மின்னியது. வாரந்தோறும் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். மகன் போனில் கேட்டால், “எனக்கென்னப்பா, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்,” என்பாள். அப்படிச் சொன்னவள்தான் கோயிலின் ஏழு படியில் மூன்றாவதிலேயே நின்று மூச்சு வாங்குவாள்.

எஞ்சினுக்கு இருமல் கூடிக்கொண்டே போனது.

“தாயே, கொஞ்சம் நகர மாட்டீங்களா?” என்று விளக்கு அழாக்குறையாகக் கேட்டது.

“நானும் அதத்தான் பாக்கேன். கும்பிட ஒட்டினாளா, மூட ஒட்டினாளா?” என்றது படம்.

ஒரு ஞாயிறு பூசை முடியுமட்டும் கார் வெயிலில் நின்றது. பசை இளகியது. பிலோமினா வந்து அமர்ந்து சாவியைத் திருப்பியதும் படம் பிடியை விட்டு அவள் மடியில் விழுந்தது.

மஞ்சள் விளக்கு அவள் முகத்துக்கு நேரே எரிந்தது. படத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு, வண்டியை நேரே முத்துராசு அண்ணாச்சியின் கார் பட்டறைக்கு விட்டாள்.

அவர் கோளாறைக் காட்டும் சின்ன ஸ்கேனரை வண்டியில் செருகினார். எஞ்சின் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“ஒரு பிளக்குதான் யக்கா போயிருக்கு. மாத்தினா இன்னும் ரொம்ப வருசம் ஓடும். இப்படியே ஓட்டியிருந்தா எஞ்சினே போயிருக்கும். லைட்டு எப்ப எரிஞ்சுது?”

“ஆச்சு, மூணு மாசம்.”

“மூணு மாசமா! கண்ணுல படலியா?”

அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

புது பிளக் மாட்டிச் சாவியைத் திருப்பியதும் விளக்கு ஒரு நொடி எரிந்து, தானாகவே அணைந்தது. பிலோமினா படத்தை அதன் பக்கத்தில், மறைக்காமல் ஒட்டினாள்.

போன் அடித்தது. ரீகன்தான். “எப்படிம்மா இருக்க?”

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. அணைந்திருந்த விளக்கைப் பார்த்தாள்.

“படி ஏறினா மூச்சு வாங்குதுப்பா,” என்றாள். “மூணு மாசமாச்சு.”