பூட்ஸுக்குள் யார் முகம்?

எருமைக்குளம் ஜமீனில் புத்திசாலிகளுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏகாம்பரம் ஒருவன் போதும், ஏழு ஜமீனுக்குக் காணும். இதை ஏகாம்பரமே பலமுறை சொல்லியிருக்கிறான்.

அரண்மனையில் அவனுக்குப் பாதரட்சை மணியம் உத்தியோகம். ஜமீன்தார் பெத்தண்ண பூபதியின் செருப்பு, மிதியடி, பூட்ஸ் எல்லாம் அவன் பொறுப்பு. அவனுக்குக் கீழே இரண்டு பேர். ஒருவன் சடையாண்டி, எதையும் யோசிக்காமல் செய்துவிடுவான். மற்றவன் தொப்பளான், நன்றாக யோசித்துவிட்டு, சடையாண்டி செய்ததையே செய்வான்.

ஒருநாள் காலையில் காரியஸ்தர் வைத்தியலிங்கம் பிள்ளை ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸோடு வந்து நின்றார்.

"ஏகாம்பரம், நல்லாக் கேட்டுக்கோ. போன வருஷம் கலெக்டர் துரை விருந்துக்கு நம்ம எசமான் புழுதி பூட்ஸோட போயிட்டார். பக்கத்து ஜமீன்காரன் அதைக் காட்டிக் காட்டிச் சிரிச்சான். இன்னிக்குச் சாயங்காலம் துரையே இங்கே வர்றார். எசமானோட மானம் இந்த பூட்ஸுலதான் இருக்கு."

தொப்பளான் ஒரு பூட்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்தான். "உள்ளே ஒண்ணும் காணோமுங்களே?"

"மற்றதுல இருக்கும்டா," என்றான் சடையாண்டி.

காரியஸ்தர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "முதல்ல கொஞ்சம் வெயில் காட்டுங்க. அப்புறம் பாலிஷைப் பட்டும் படாமலும் தடவுங்க. லேசா எச்சில் தொட்டுத் தேய்க்கணும். எசமான் குனிஞ்சு பார்த்தா அவர் முகம் அதுல பளிச்சுன்னு தெரியணும். தெரியலேன்னா மூணு பேரும் மாட்டுத் தொழுவத்துக்குச் சாணி அள்ளப் போக வேண்டியதுதான்."

ஏகாம்பரம் பூட்ஸை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். சாணி நாற்றத்துக்கு அவன் அஞ்சவில்லை. போன வாரம்தான் மாமியார் வீட்டில், "நான் இல்லேன்னா ஜமீன்தார் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது" என்று சொல்லி, பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான். சாணிக்கூடையோடு அந்த ஊருக்குப் போனால் இலை கிடைக்காது, ஈர்க்குச்சிகூடக் கிடைக்காது.

"டேய், ஒரு சொல் பிசகக் கூடாது," என்று மற்ற இருவரையும் கொல்லைப்புறம் கூட்டிப் போனான்.

சடையாண்டி ஒரு பூட்ஸை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வானத்தைக் காட்டினான். "அதோ பார், அதுதான் வெயில். பார்த்துக்கோ."

"பார்த்துச்சா?" என்றான் ஏகாம்பரம்.

"எப்படிப் பார்க்கும்? கண்ணு இல்லையே."

"நாடா கோக்கிற இடத்துல இத்தனை கண்ணு இருக்கே, அதெல்லாம் என்னடா? அந்தப் பக்கமாத் திருப்பு."

திருப்பினார்கள். திருப்பியபோது பூட்ஸின் நாக்கு வெளியே தொங்கியது. தொப்பளான் பார்த்துவிட்டு உருகிப்போனான். "பாவம்ணே, தாகம் எடுத்துருச்சு." உடனே சமையல்கட்டிலிருந்து ஒரு செம்பு மோர் வாங்கிவந்து இரண்டு பூட்ஸுக்கும் பங்கு வைத்து ஊற்றினார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கவிழ்த்தபோது எல்லா மோரும் அப்படியே வெளியே வந்தது.

"உப்புப் போடலையா?" என்று ஏகாம்பரம் கடிந்துகொண்டான்.

அடுத்தது பாலிஷ். அதில்தான் பெரிய சிக்கல்.

"பட்டும் இருக்கணும், படாமலும் இருக்கணும். ரெண்டும் எப்படிண்ணே முடியும்?" என்றான் தொப்பளான். யோசித்ததில் அவனுக்கு வியர்த்துவிட்டது.

"பட்டுன்னா பட்டுத்துணி. பட்டுத்துணி மேல படாமத் தடவச் சொல்லியிருப்பார்," என்றான் சடையாண்டி.

ஏகாம்பரம் கண்ணை மூடி, மீசையை முறுக்கி, தீர்ப்புச் சொன்னான். "ஒரே ஆள் ரெண்டையும் செஞ்சாத்தானே சிக்கல்? சடையாண்டி, நீ முன்னால பட்டுத் தடவிக்கிட்டே போ. தொப்பளான், நீ அவன் பின்னாலேயே படாமத் தடவிக்கிட்டு வா."

அப்படியே நடந்தது. சடையாண்டி டப்பா பாலிஷைச் சளக்கென்று அள்ளி அப்பினான். தொப்பளான் பூட்ஸுக்கு ஒரு விரற்கடை மேலே வெறும் காற்றில் பிரஷை இழுத்தான். முடிந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "படாமத் தடவுறதுதாண்ணே ரொம்பக் கஷ்டம். கை விட்டுப்போச்சு."

இனி எச்சில். தொப்பளான் வாயில் வெற்றிலை இருந்ததால் அவன் துப்பியது செக்கச்செவேலென்று வழிந்தது. பதறிப்போய்த் துடைத்தார்கள். அப்போதுதான் சடையாண்டிக்கு ஒரு பயம் வந்தது.

"அண்ணே, எசமான் கால் வைக்கிற இடத்துல நம்ம எச்சிலைப் போடலாமா? தோஷம் இல்லையா?"

நியாயமான கேள்வி. ஏகாம்பரம் நேராக ஜமீன்தாரிடம் போனான். அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, துரைக்கு என்ன பலகாரம் வைப்பது என்ற கவலையில் இருந்தார்.

"எசமான், கொஞ்சம் துப்பணும்."

"யார் மேலடா?"

"யார் மேலயும் வேண்டாமுங்க. பூட்ஸுக்குத் தேவைப்படுது. உங்க வாயால ஒருதரம் துப்பிட்டீங்கன்னா..."

"தூ! போடா வெளியே!"

ஏகாம்பரம் கன்னத்தைத் துடைக்காமல், தலையை ஆட்டாமல், எண்ணெய்க் கிண்ணம் ஏந்தியவன் போல மெல்ல நடந்து கொல்லைக்கு வந்தான். "சீக்கிரம் துணியைக் கொண்டா. காயறதுக்குள்ள எடுத்துக்கோ. எசமான் தாராள மனசு, கேட்டதும் குடுத்துட்டார்."

தேய்த்தார்கள். கை மாற்றி மாற்றித் தேய்த்தார்கள். வெயில் உச்சிக்கு வந்தபோது பூட்ஸ் மின்ன ஆரம்பித்தது. சடையாண்டி குனிந்து பார்த்தான். "ஐயையோ!" என்று கத்திக்கொண்டு பின்னால் விழுந்தான்.

"என்னடா?"

"நான் உள்ளே இருக்கேண்ணே!"

தொப்பளான் எட்டிப் பார்த்தான். "பொய் சொல்றான். நான்தான் இருக்கேன்."

ஏகாம்பரம் இருவரையும் தள்ளிவிட்டுப் பார்த்தான். உள்ளே சாட்சாத் ஏகாம்பரம். எசமான் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வேலைக்காரன் முகம்!

"தேய்க்கிறவன் முகம் துணி வழியா இறங்கிடுது," என்று அவன் கண்டுபிடித்தான். "மூணு பேர் உள்ளே அடைச்சுக்கிட்டு இருந்தா எசமான் முகத்துக்கு இடம் ஏது? முகத்தை மூடிக்கிட்டுத் தேய்ப்போம்."

ஆளுக்கொரு நெல் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தேய்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் சடையாண்டி சாக்கின் ஓட்டை வழியாகப் பார்த்தான். பூட்ஸுக்குள் கண்ணும் மூக்கும் இல்லாத ஏதோ ஒன்று அவனைப் பார்த்தது. "பூதம்!" என்று அவன் ஓட, அவன் மேல் மோதி தொப்பளான் ஓட, இருவரும் மாட்டுத் தொழுவத்தில் போய் விழுந்தார்கள். தொழுவத்தைக் கண்டதும் ஏகாம்பரத்துக்குக் கண்ணில் நீர் தளும்பியது. விதி இவர்களை இப்போதே அங்கே இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அழுகையின் நடுவேதான் அந்த யோசனை உதித்தது. கொலு மண்டபத்தில் ஜமீன்தாரின் பெரிய படம் ஒன்று தொங்குகிறதே! மூவரும் அதைக் கழற்றித் தூக்கிவந்து பூட்ஸுக்கு எதிரே சாய்த்தார்கள். படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கையை மட்டும் நீட்டித் தேய்த்தார்கள். பிறகு ஏகாம்பரம் பக்கவாட்டிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்தான்.

மீசை தெரிந்தது. தலைப்பாகை தெரிந்தது.

"வந்துட்டார்டா! எசமான் வந்துட்டார்!"

மூவரும் பூட்ஸ் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்கள். முகம் நழுவிப் போய்விடாமல் இருக்க, சட்டென்று ஒரு துண்டைப் போட்டு மூடி, வாயை இறுகக் கட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் துரை வந்தார். ஜமீன்தார் பூட்ஸை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அவருடைய முகம் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே என்னவோ புளித்த வாடை அடித்தாலும், மனம் குளிர்ந்து, "சபாஷ் ஏகாம்பரம்!" என்று முதுகில் தட்டினார். ஏகாம்பரத்துக்கு மாமியார் வீட்டுப் பந்தியில் முதல் இலையும் அதில் இரண்டு அப்பளமும் கண்முன் வந்து நின்றன.

துரையும் கண்ணைப் பூட்ஸிலிருந்து எடுக்கவில்லை. "பேஷ்! என் பூட்ஸுகூட இப்படி மின்னாது," என்று நாற்காலியை விட்டு எழுந்து, அருகில் வந்து குனிந்தார்.

விசிறியோடு பக்கத்தில் நின்ற ஏகாம்பரம் அதைப் பார்த்துவிட்டான். பூட்ஸுக்குள் எசமானைக் காணோம். சிவப்பாக ஒரு முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"மோசம் போனோம்! துரை உள்ளே பூந்துட்டார்! எசமானை வெளியே தள்ளிட்டார்! ஜமீனைப் பிடிக்கத்தான் வந்திருக்காரு, விடாதீங்கடா!"

அவன் பாய்ந்து வலது பூட்ஸைக் கட்டிக்கொண்டு வேட்டியால் தேய்தேய் என்று தேய்த்தான். சடையாண்டியும் தொப்பளானும் இடது பூட்ஸைப் பிடித்து இழுத்தார்கள். எசமான் உட்கார்ந்திருந்த நாற்காலி மல்லாந்தது. எருமைக்குளம் ஜமீன்தார் இரண்டு காலும் வானம் பார்க்க, பலகாரத் தட்டின் மேல் போய் விழுந்தார். துரை சிரித்த சிரிப்பில் அவருக்கு விக்கல் எடுத்துவிட்டது. விக்கிக்கொண்டே குதிரை ஏறி, விக்கிக்கொண்டே ஊர் எல்லையைத் தாண்டினார்.

ஜமீன்தார் காதில் ஒட்டியிருந்த அதிரசத்தை எடுத்து எறிந்துவிட்டுக் கர்ஜித்தார். "இனிமே மூணு பேரும் என் முகத்துல முழிக்கக் கூடாது!"

மூவரும் கிணற்றடியில் போய் உட்கார்ந்தார்கள்.

"வேலை போயிருச்சாண்ணே?" என்றான் தொப்பளான்.

ஏகாம்பரம் ஒவ்வொரு சொல்லாக அசைபோட்டான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. "வேலையை விட்டுப் போகச் சொன்னாரா? இல்லே. தொழுவத்துக்குப் போகச் சொன்னாரா? அதுவும் இல்லே. முழிக்கத்தானே கூடாதுன்னார்? கண்ணை மூடிக்கிட்டா முழிக்கிறதா ஆகுமா?"

"ஆகாது!" என்றார்கள் இருவரும்.

மறுநாள் மத்தியானம் மூவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒருவன் வேட்டியை ஒருவன் பிடித்தபடி, தூணில் முட்டி, அண்டாவில் இடறி, ஒருவழியாக ஜமீன்தாரின் அறைக்குள் வந்து சேர்ந்தார்கள். ஜமீன்தார் கறிச்சோறு சாப்பிட்ட மயக்கத்தில், தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, சாய்வு நாற்காலியில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் தட்டுத்தடவிக்கொண்டே போனான். வழுவழுவென்று, உருண்டையாக ஒன்று கையில் தட்டுப்பட்டது.

"கிடைச்சிருச்சுடா," என்று கிசுகிசுத்தான். "டப்பாவைத் திற."

சடையாண்டி பட்டுத் தடவினான். தொப்பளான் படாமல் தடவினான்.

"அண்ணே, உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் வருதே?"

"நேத்து நாம இழுத்த இழுப்புக்குக் களைப்பு இருக்காதா? தூங்கட்டும்."

"கீழே பிரஷ்ஷும் ஒட்டிக்கிட்டே இருக்குண்ணே. ரெண்டு பக்கமும் நல்லா முறுக்கி வெச்சிருக்காங்க."

"வசதியாப் போச்சு. இழுத்துப் பார், வருதான்னு."

தொப்பளான் இங்குமங்கும் தடவிவிட்டுக் கவலையோடு சொன்னான். "அண்ணே, இது ஒத்தைதான் இருக்கு. இன்னொண்ணைக் காணோமே?"

"எங்கே போயிடும்? எசமான் எழுந்ததும் அவரையே கேட்டுக்கலாம்," என்றான் ஏகாம்பரம். "நீ இதை விடாமத் தேய்."