மரத்துப்போன விரல்

"விரலுக்கு மருந்து வேணும், பொன்னம்மை."

சுயம்பு வைத்தியர் உட்காரக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

பொன்னம்மை அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனால் அவள் உட்கார்ந்திருந்தது அவளுடைய அப்பாவின் பலகை. வர்ம வைத்திய ஆசான் பலகை. ஆசான் போன பிறகு அதில் யார் உட்கார்ந்தாலும் சீடன் கும்பிடத்தான் வேண்டும். அவரிடம் தொழில் படித்த சுயம்பு இத்தனை வருசமாக அந்தப் பக்கமே தலைகாட்டாததற்கு அதுதான் காரணம். ஆளுக்கு வீம்பு அப்படி.

இன்றைக்கு வேறு வழியில்லை. கும்பிட்டார்.

"விரலுக்கு என்ன அண்ணே?"

"சக்கரையாக்கும். நுனி மரத்துப்போச்சு. லேசா."

"லேசான்னா?"

"லேசான்னா லேசுதான்!" சத்தம் போட்டார். பிறகு அவரே தணிந்தார். "உங்கப்பா எனக்கு அடிமுறைச் சண்டை சொல்லித்தந்தாரு. முட்டு உடைஞ்சுது. சண்டைக்காரன் தொலைஞ்சான்னு ஊரே சிரிச்சப்போ, எலும்பு கட்டச் சொல்லித்தந்தாரு. அப்புறம் தோளு போச்சு, இழுத்துக் கட்டப் பலமில்ல. நாடியைப் பிடிலேன்னாரு. காலு போனா கை தந்தாரு, கை போனா விரலு தந்தாரு. இப்ப விரலும் போச்சுன்னா எனக்கு என்ன மிச்சம்? நீ சொல்லு."

 பொன்னம்மை முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே பலாமரத்தடியில் சுயம்புவின் மனைவி அன்னப்பழம் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் துணைக்கு வந்தவள். ரோட்டிலிருந்து நாலு எட்டு ஏறுவதற்குள் நின்று நின்றுதான் வந்தாள். இன்னும் மூச்சு அடங்கவில்லை. இடது கையை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணிக்கு என்ன செய்யுது?"

"அவளுக்கு என்ன? ஒண்ணுமில்ல. தினமும் காலையில நாடி பாக்கேனே."

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லவா?" சுயம்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்க முன்னால எந்த நோயாளி வாயைத் திறந்திருக்கான்? எல்லாம் நாடி சொல்லும். வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டு கையை நீட்டினா போதும்."

ஊரறிந்த விசயம் அது. இந்த இடத்தில் வலி என்று யாராவது ஆரம்பித்தால் சுயம்பு அவன் கையை உதறிவிட்டு எழுந்துவிடுவார். 'நீயே சொல்லதுக்கு நான் எதுக்குடே?' என்பார். அதற்கே கூட்டம் வந்தது. சனங்களையும் சொல்ல வேண்டும், திட்டுகிற வைத்தியனுக்குத்தான் கைராசி என்று நம்புவார்கள்.

பொன்னம்மை உள்ளே போனாள். யாரிடமோ போனில் அவசரமாகப் பேசுவது கேட்டது. திரும்பி வந்து கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். துண்டு போர்த்திய ஒன்று கதவிடுக்கு வழியாக நீண்டது.

"அந்தக் காலத்துல பொம்பளைகளுக்குத் துணிக்கு மேலதான் நாடி பாப்பாங்கன்னு அப்பா சொல்லுவாரு. எனக்குப் பாரும் அண்ணே. பாத்துச் சொன்னா மருந்து தாறேன்."

சுயம்பு கண்ணை மூடினார். துண்டின் மேல் மூன்று விரலை வைத்தார். எடுத்தார். தள்ளி வைத்தார். நெற்றி வேர்த்தது.

"வாதம் கொஞ்சம் தூக்கலா இருக்கு. தூக்கம் சரியில்ல. மத்தபடி ஒண்ணுமில்ல."

பொன்னம்மை துண்டை எடுத்தாள்.

வாழைத்தண்டு.

சுயம்புக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "வயசுக்கு மூத்தவனைக் கூப்பிட்டு வச்சு..."

பாதியிலேயே நின்றுவிட்டார்.

ஒண்ணுமில்ல. இன்று காலையிலும் அதைத்தான் சொன்னார். அன்னப்பழத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.



"எப்ப இருந்து அண்ணே விரலு இப்படி?" பொன்னம்மையின் குரலில் கேலி இல்லை.

"போன ஆவணியில இருந்து."

"தொட்டா ஒண்ணுமே தெரியாதா?"

இல்லையென்று தலையாட்டினார். "யாருட்டயும் சொல்லல. வெக்கம். அவகிட்டயும் சொல்லல. தினமும் பிடிச்சேன், தினமும் ஒண்ணுமில்லேன்னு சொன்னேன்." பலாமரத்தடியைத் திரும்பிப் பார்த்தார். "பொன்னம்மை, அவளுக்கு எதுவும்..."

"எனக்குத் தெரியாது. நெஞ்சுவலியோன்னு பயமா இருக்கு. பக்கத்து வீட்டுக் காரைக் கொண்டுவரச் சொல்லியாச்சு. ஆஸ்பத்திரியில முதல்ல கேப்பாங்க, என்ன செய்யுது, எப்ப இருந்துன்னு. அவங்க பேச முடியாமப் போனா நீர்தான் சொல்லணும். கார் வாறதுக்குள்ள தெரிஞ்சுக்கிடும்."

"எப்படித் தெரிஞ்சுக்க? விரலுதான் செத்துப்போச்சே!"

"போம் அண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள்.

சுயம்பு ஓடினார். உடைந்த முட்டோடு என்ன ஓட்டம்? நொண்டிக்கொண்டே பலாமரத்தடிக்குப் போய் அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்தார்.

அன்னப்பழம் அவரைப் பார்த்ததும் வழக்கம்போலக் கையை நீட்டினாள். வழக்கம்போல வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அவர் விரலும் வழக்கம்போல மணிக்கட்டுக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு அவள் கையை மெதுவாக மடியில் இறக்கி வைத்தார்.

எத்தனையோ பேருக்கு வைத்தியம் பார்த்த ஆளுக்கு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. 

"அன்னம்," என்றார். "உனக்கு என்ன செய்யுது?"

அவள் திகைத்துப்போனாள். வாசலில் நிற்கும் பொன்னம்மையைப் பார்த்தாள். திரும்பவும் அவரைப் பார்த்தாள். ரோட்டில் கார் ஹாரன் கேட்டது.

"சொல்லலாமா?" என்று கேட்டாள்.