சுவர் இழந்தும் சாகாத கிருமி

மருத்துவமனை ஆய்வகத்துக்குள் நுழையும்போதே இளம் டாக்டர் திருமேனி கொதித்துக்கொண்டிருந்தான்.

ஜவுளிக்கடையில் சேலை விற்கும் மரியசெல்வம் சிறுநீர்த் தொற்றோடு மறுபடியும் வார்டில் வந்து படுத்திருந்தாள். மாத்திரை போட்டால் அடங்கும், நிறுத்தியதும் திரும்பும். இந்தத் தடவை சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. மருந்தை ஒழுங்காக விழுங்காமல் பொய் சொல்கிறாள் என்று அவன் எல்லார் முன்னாலும் அவளைத் திட்டிவிட்டு வந்திருந்தான். அவள் அழவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தனக்குக் கிருமியியல் கற்றுக்கொடுத்த பேராசிரியர் ஹமீதா பானுவிடம் அத்தனையையும் கொட்டினான்.

"சோதனையில இந்த மருந்துக்குச் செத்துப்போற கிருமிதான் மேடம். அவ உடம்புல மட்டும் எப்படிச் சாகாம இருக்கும்?"

அவர், வார்டில் முதல் ஊசி மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது மரியசெல்வம் கொடுத்த சிறுநீரை எடுத்தார். கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார்.

நீளமாக இருக்க வேண்டிய கிருமிகள் உருண்டையாக மிதந்தன.

"மருந்து வேலை செஞ்சிருக்கு. கிருமியோட மேல்சுவர் போயிருச்சு. ஆனா அவ தண்ணி குடிக்காததால யூரின்ல உப்பு அவ்வளவு ஜாஸ்தி. தண்ணி உள்ள புகுந்து அதை வெடிக்க வைக்க முடியல. மருந்தை நிறுத்தினா சுவரைத் திரும்பக் கட்டிக்கும்."

தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் விட்டார். உருண்டைகள் உப்பின. ஒவ்வொன்றாக வெடித்துக் காணாமல் போயின.

திருமேனிக்கு முகம் சுட்டது. ஆனாலும் விடவில்லை.

"அப்போ தண்ணி குடிக்காதது அவ தப்புதானே மேடம்? முதல் தடவையே சொல்லி அனுப்பினேன்."

ஹமீதா பானு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். குரல் உயரவில்லை.

"அந்தக் கடையில பொம்பளைங்க கக்கூஸைப் பூட்டி வச்சிருக்காங்க. சாவி சூப்பர்வைசர்கிட்ட. கேட்டா, மறுபடியுமான்னு எல்லார் முன்னாடியும் கத்துவான். அதனால வேலைக்குக் கிளம்பினா வீடு திரும்பற வரைக்கும் அவ தண்ணியைத் தொடறதில்ல. சாம்பிள் வாங்கும்போது நான் கேட்டேன், சொன்னா. நீ கேட்டியா?"

அவன் நுண்ணோக்கியிலிருந்து தகட்டை எடுத்து வைத்தான். பிறகு, தான் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

"வார்டுக்குப் போய் அவகிட்ட மன்னிப்புக் கேளு. அப்புறம் அந்தக் கடைக்குப் போ. உன் கோபத்தை அங்க எடுத்துட்டுப் போ."