பூக்குழி இறங்கிய இருவர்

அந்த வருசம் பூக்குழி இறங்கித் தீ மிதித்ததில் இரண்டு பேருக்குக் கால் வெந்துபோனது. ஒருத்தி கொம்பையாவின் மகள் முப்பிடாதி. இன்னொருவர் கோயில் தர்மகர்த்தா நல்லபெருமாள்.

முப்பிடாதி போட்ட கூப்பாட்டில் கொட்டுச் சத்தமே அடங்கிவிட்டது. நல்லபெருமாளோ சிரித்துக்கொண்டிருந்தார். குழி நடுவில் அருள் வந்து அப்படியே நின்றுவிட்டவர் அவர். "எனக்கு ஒரு பொட்டு வலி இல்ல. அம்மன் காப்பாத்திட்டா!" என்றதும் பெண்கள் குலவை போட்டார்கள்.

அதே சனம் முப்பிடாதியைப் பார்த்து முணுமுணுத்தது. பெற்ற அப்பனுக்கே சந்தேகம் வந்துவிட்டது, பாருங்கள்!

"விரதத்துல என்னத்தப் பிசகுன? உண்மையச் சொல்லுட்டி."

"ஒண்ணுமில்லப்பா, சத்தியமா!" அவள் தேம்பினாள்.

அப்போதுதான் ஊரில் மடம் வைத்திருக்கும் கொம்பையாவின் குரு பூரணத்தம்மா வந்தார். வயதில் கொம்பையாவுக்கு இளையவர். முப்பிடாதியின் சிவந்து கொப்புளித்த பாதங்களைக் குனிந்து பார்த்தார்.

"குழாயடியில உட்கார வையி. இருபது நிமிசம் தண்ணி ஓடட்டும். வீங்குறதுக்கு முன்னால மெட்டி, கொலுசக் கழத்திரு. கொப்புளத்த உடைக்காத. பெறகு டாக்டர்ட்ட காட்டுவோம்."

அவ்வளவுதான். விறுவிறுவென்று தர்மகர்த்தாவிடம் போய்விட்டார்.

கொம்பையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓகோ, பெரிய மனுசன் என்றதும் அங்கே ஓட்டமா? இந்தம்மா மடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர் ஆயிற்றே! ஏழு வருசமாக இந்தம்மாவையா குருவென்று கும்பிட்டோம்? மகளைத் தண்ணீரில் உட்கார்த்திவிட்டு, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று பின்னாலேயே போய் நின்றார்.

யாரோ மஞ்சளை அள்ளிப் பூச வந்தார்கள். பூரணத்தம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டார். நல்லபெருமாளின் பாதம் சிவக்கவே இல்லை. வெள்ளை வெளேரென்று, செருப்புத் தோல் மாதிரி விறைத்துக் கிடந்தது. சுத்தமான துணி நுனியால் அதைத் தொட்டார்.

"தெரியுதாய்யா?"

"தொட்டுட்டீங்களா என்ன?" நல்லபெருமாள் சிரிப்பு மாறாமல் கேட்டார்.

பூரணத்தம்மா நிமிர்ந்தார். "வண்டியக் கூப்பிடுங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். வண்டி வர்ற வரைக்கும் கால்ல தண்ணிய ஊத்துங்க."

வண்டி வந்ததும் துவைத்த துணியால் பாதங்களைத் தளர்வாக மூடி ஏற்றிவிட்டார்.

கொம்பையாவால் அடக்க முடியவில்லை. "எம்மக அங்க கெடந்து துடிக்கா. வலியே இல்லாத மனுசன்கிட்ட எதுக்கு ஓடுனீங்க?"

"அவ கால் கத்துச்சு, கொம்பையா. அவருக்குக் கத்துறதுக்குக்கூடக் கால்ல ஒண்ணும் மிச்சமில்ல."