ஜூலிக்கு முதல் டிகாக்ஷன்

தூத்துக்குடியில் கடற்கரைக்குப் போகிற ரோட்டில் ஒரு காப்பிக் கடை உண்டு. நடத்துகிறவர்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் கோமதிநாயகம், அடுத்தவன் சங்கரபாண்டி, கடைக்குட்டி குற்றாலம். கடைக்குட்டி என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம், அவனுக்கும் தலை வழுக்கைதான். காப்பி போடுவதில் மூவரையும் மிஞ்ச ஆள் கிடையாது. மற்றபடி கடவுள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மூளையைத்தான் கொடுத்திருந்தார். அது அன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாது.

கடைக்கு மேலே மாடியில் குடியிருப்பவர் கட்டடத்துக்குச் சொந்தக்காரர், பிலோமினாள் டீச்சர். அவர் வீட்டு ஹாலில் கடல் தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டி, அதற்குள் ஒரே ஒரு மீன். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை, பெயர் ஜூலி. டீச்சருக்கு ஜூலி என்றால் உயிர். பெங்களூரில் மகளுக்குப் பிரசவம் என்று போன் வந்தபோதுகூட, "ஜூலியை யார் பாத்துக்கிடுவா?" என்றுதான் முதலில் கேட்டாராம்.

வேறு வழியில்லாமல் மூவரையும் மாடிக்குக் கூப்பிட்டார்.

"நல்லா கேட்டுக்கிடுங்க கோமதிநாயகம். மீன் போடுற அழுக்கை இந்த ஸ்பாஞ்ச் பிடிச்சு வச்சுக்கிடும். வாரம் ஒருக்கா கழுவணும். பைப் தண்ணி ஆகாது, அதுல மருந்து கலந்திருக்கும். தொட்டித் தண்ணியிலதான் கழுவணும்."

"சரி டீச்சர்."

"இது உயிருள்ள கல்லு. கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிங்க இதுக்குள்ள குடியிருக்கு. தண்ணியச் சுத்தம் பண்ற வேலையில பாதிய அதுகதான் பாக்குது."

மூவரும் கல்லுக்கு வணக்கம் வைத்தார்கள்.

"இது ஸ்கிம்மர். அடியில குமிழி விடும். தண்ணியில கரைஞ்சு கிடக்கிறது எல்லாம் நுரையோட ஒட்டி மேல ஏறி இந்தக் கப்புல வந்து நிக்கும். தினமும் எடுத்து ஊத்திரணும். மோட்டார் நிக்கவே கூடாது. தண்ணியில காத்து கலந்துக்கிட்டே இருக்கணும், அப்பத்தான் ஜூலி மூச்சு விடும்."

ஆட்டோவில் ஏறும்போது டீச்சர் கடைசியாக ஒன்று சொன்னார். "நான் திரும்பி வரும்போது ஜூலி உயிரோட இருந்தா கடை உங்களுக்கு. இல்லைன்னா சாவியக் குடுத்துட்டு நடையைக் கட்டுங்க. செல்போன் கடைக்காரன் ஒருத்தன் ரொம்ப நாளா இந்த இடத்தைக் கேட்டுக்கிட்டிருக்கான்."

கடை போனால் மூவருக்கும் வேறு பிழைப்பு தெரியாது. டீச்சர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் செய்வது என்று முடிவு கட்டினார்கள். ஜூலிக்குச் சனி பிடித்தது அந்த நிமிஷம்தான்.

முதலில் ஸ்பாஞ்ச். சங்கரபாண்டி சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, ஸ்பாஞ்சை எடுத்து, தொட்டிக்குள்ளேயே முக்கி, கும்மி, கசக்கி, பிழிந்தான். அது இத்தனை நாள் பாடுபட்டுப் பிடித்து வைத்திருந்த அழுக்கு மொத்தமும் திரும்ப வீடு வந்து சேர்ந்தது.

"அழுக்கு தண்ணிக்குள்ள போகுதேண்ணே?" என்றான் குற்றாலம்.

"கழுவுனா போகத்தானலே செய்யும்," என்றார் கோமதிநாயகம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்குக் காப்பிக் கடை லீவு.

"அண்ணே, இந்தக் கல்லு பாதி வேலை பாக்குதுன்னு டீச்சர் சொன்னாவல்லா?" என்று ஆரம்பித்தான் குற்றாலம்.

"ஆமா."

"உயிருள்ள ஜீவன். அதுக்கு லீவு கிடையாதா?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். பிறகு கல்லை வெளியே எடுத்து, மின்விசிறிக்கு அடியில் தலையணை போட்டுப் படுக்க வைத்தார்கள். பக்கத்தில் இரண்டு இட்லியும் வைத்தார்கள். சாயங்காலம் வரை கல் இட்லியைத் தொடவில்லை. விரதமாக இருக்கும் என்று சொல்லித் திரும்பத் தொட்டிக்குள் வைத்தார்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் ஸ்கிம்மர்.

அதன் கப்பைத் திறந்து மூவரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே கறுத்த பழுப்பு நிறத்தில், மேலே நுரை கட்டி, திக்காக ஒன்று நின்றது. காலமெல்லாம் காப்பி போட்டவர்களுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"முதல் டிகாக்ஷன்!" என்றார் கோமதிநாயகம்.

குற்றாலம் முகர்ந்து பார்த்தான். "வாசம் ஒரு மாதிரி இருக்கேண்ணே?"

"கடல் டிகாக்ஷன்லே. அந்தப் பக்கத்துப் பக்குவம் அப்படித்தான் இருக்கும்."

"டீச்சர் இதை ஊத்திரச் சொன்னாவளே. எங்க ஊத்த?"

"முதல் டிகாக்ஷனை எவனாவது சாக்கடையில ஊத்துவானா? கை விளங்குமா? வீட்டுல இருக்கிறது ஜூலி மட்டும்தான். அதுக்குத்தான் ஊத்தணும்."

காலையும் மாலையும் ஜூலிக்கு முதல் டிகாக்ஷன் ஊற்றப்பட்டது. ஸ்கிம்மர் அதைப் பாவம் மறுபடி பிரித்து மேலே ஏற்றும், இவர்கள் மறுபடி கொண்டுபோய் ஊற்றுவார்கள். பொடியே போடாமல் இத்தனை டிகாக்ஷன் இறங்குகிறதே என்று சங்கரபாண்டிக்கு ஆச்சரியம் தாளவில்லை.

சீக்கிரமே தொட்டித் தண்ணீர் எச்சில் டம்ளர் கழுவுகிற தொட்டி மாதிரி ஆகிவிட்டது. ஜூலி மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியது. குற்றாலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. கடைச் சாவி மூன்று பேர் கண் முன்னாலும் ஆடியது. அவசரமாகக் கூட்டம் போட்டார்கள்.

"ஸ்பாஞ்ச் மேல தப்பா?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"நான்தானே கழுவுனேன். பளிச்சுன்னு இருக்கு."

"கல்லு?"

"லீவு குடுத்தாச்சு. அதுக்கு ஒரு குறையும் கிடையாது."

"ஸ்கிம்மர்?"

"டிகாக்ஷன் குறையாம இறங்குது."

கோமதிநாயகம் கண்ணை மூடி யோசித்தார். அன்றைக்கு மூளை அவர் பங்குக்கு வந்திருந்தது. "டீச்சர் என்ன சொன்னாவ? மீன் போடுற அழுக்குன்னாவ. அப்ப தண்ணியக் கெடுக்கிறது யாரு?"

மூவரும் ஒரே நேரத்தில் திரும்பி ஜூலியைப் பார்த்தார்கள்.

"இத்தனை மெஷினும் உசுரக் குடுத்து உழைக்குது. ஒத்தை மீனு உள்ள உக்காந்துக்கிட்டு எல்லாத்தையும் பாழாக்குது. தொட்டி சுத்தமா இருக்கணும்னா மீன் அதுக்குள்ள இருக்கக் கூடாது."

இவ்வளவு தெளிவான விஷயம் டீச்சருக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று தம்பிகள் வருத்தப்பட்டார்கள். சங்கரபாண்டி ஓடிப்போய்க் கடலிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தான். ஜூலி காப்பிக் கடை ஜக்கில் குடியேறியது. குடிக்க ஆள் இல்லாததால், ஸ்கிம்மர் டிகாக்ஷனை மனசே இல்லாமல் சாக்கடையில் கொட்டினார்கள்.

ஆனால் ஜக்கில் மோட்டார் ஏது? கொஞ்ச நேரத்தில் ஜூலி மறுபடியும் வாயைப் பிளந்தது.

"தண்ணியில காத்து கலக்கணும்னு சொன்னாவளே!" என்று பதறினான் குற்றாலம்.

கோமதிநாயகம் சிரித்தார். தண்ணீரில் காற்றைக் கலப்பதை இவர்களுக்கா சொல்லித் தர வேண்டும்? இன்னொரு ஜக்கை எடுத்தார். ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கினார், மறு கையை இடுப்புக்குக் கீழே இறக்கினார். ஒரே இழுப்பு! தண்ணீர் நீளமாக இறங்கி நுரை பொங்கியது. ஜூலியும் கூடவே இறங்கியது. இறங்கிய ஜூலி வாலை ஆட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது.

அன்றிலிருந்து கடையிலேயே மூவரும் முறை வைத்து ஜூலியை ஆற்றினார்கள். மோட்டார் நிற்கவே கூடாது என்பது டீச்சர் உத்தரவாயிற்றே. தண்ணீரைக் காலையும் மாலையும் மாற்றினார்கள். பழைய தண்ணீரில் காப்பி போடுகிற வழக்கம் அந்தக் கடையில் கிடையாது. ஜூலி முன்னைவிடக் கொழுத்தது. வாடிக்கைக்காரர்கள் முதலில் மிரண்டார்கள், பிறகு பழகிவிட்டது.

டீச்சர் திரும்பி வந்தார். நேரே மாடிக்குப் போனார். தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி மின்னியது. ஸ்பாஞ்ச் சுத்தம், கல் சுத்தம், ஸ்கிம்மர் அழகாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மீனைத்தான் காணோம்.

"ஜூலி!" என்று அலறிக்கொண்டு கீழே ஓடி வந்தவர், கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். கோமதிநாயகத்தின் தலைக்கு மேலிருந்து இடுப்புக்கு, எல்லார் கண் முன்னாலும், அவர் செல்லம் ஆரஞ்சு நிறத்தில் சர்ரென்று இறங்கியது.

டீச்சர் பக்கத்திலிருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். குற்றாலம் ஜக்கைக் கொண்டுவந்து காட்டினான். உள்ளே ஜூலி டீச்சரைப் பார்த்து வாலை ஆட்டியது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் கொடுத்த வாக்கை மீறுகிறவர் இல்லை.

"உயிரோடதான் இருக்கு," என்றார் ஈனக் குரலில். "கடை உங்களுக்குத்தான். சாவிய நீங்களே வச்சுக்கிடுங்க. முதல்ல எனக்கு ஒரு காப்பி குடுங்க, தலை சுத்துது."

கோமதிநாயகம் பூரித்துப்போனார். உள்ளே திரும்பி, கடை அதிரக் குரல் கொடுத்தார்.

"ஏல சங்கரபாண்டி! டீச்சருக்கு ஒரு காப்பி! ஸ்ட்ராங்கா, சீனி கம்மி, மீன் இல்லாம!"