சீவி வைத்த பென்சில்கள்

"அவருக்கு ஓவியம் ஒத்துவராது, டீச்சர். விட்டுடலாம்" என்றார் மங்கையர்க்கரசி.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓவியத்தால் மனதை ஆற்றும் சிகிச்சையை இப்போது கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். கற்றுத்தரும் ரெஹானாவுக்கு வயது முப்பத்திரண்டு. அதனாலென்ன, டீச்சர் டீச்சர்தானே!

"யாருக்கு, அக்கா?"

"பேச்சிமுத்துவுக்கு."

பேச்சிமுத்து தச்சர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. மறுவாழ்வு இல்லத்துக்கு வந்து ஆறு வாரம்.

"நாலு வகுப்பு வந்தார். ஒரு கோடு போடலை. எல்லாரும் மரம் வரையறாங்க, வீடு வரையறாங்க. இவர் பென்சில் சீவிக்கிட்டே இருக்கார். மனுஷன் சிரமப்பட வேண்டாமேன்னு முந்தாநாள் நானே இருபத்துநாலு பென்சிலையும் சீவி அடுக்கி வச்சேன். பார்த்தார். எழுந்து போயிட்டார். அப்போலேருந்து சாப்பாட்டைத் தொடலை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடக்கார்."

நல்லது செய்யப் போய் இப்படி ஆகிவிட்டதே!

"எப்படிச் சீவினார்?" என்றார் ரெஹானா.

"ஷார்ப்னர்லதான்."

"ஒரு கை விழுந்தவர். எப்படி?"

மங்கையர்க்கரசி அதைக் கவனித்ததே இல்லை. நாலு வகுப்பும் எட்டி எட்டி அவர் காகிதத்தைத்தான் பார்த்திருந்தார்.

ரெஹானா பென்சில் பெட்டியை இழுத்தார். ஒன்றை எடுத்து மேசையில் அழுத்தினார். முனை டக்கென்று உடைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

"ஐயோ, என்ன டீச்சர் இது! விரல் வலிக்க வலிக்கச் சீவினேன்!"

இருபத்துநாலும் மொட்டையானதும் பெட்டியை நீட்டினார்.

"கொண்டு போங்க, அக்கா. வரையச் சொல்லாதீங்க. பாருங்க."

கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார் மங்கையர்க்கரசி. பெட்டியை மெத்தையில் திறந்து வைத்தார். பக்கத்தில் ஷார்ப்னர். ஒரு வார்த்தை பேசவில்லை. வகுப்பெடுத்தே பழகியவருக்கு அது லேசான காரியமா?

வெகுநேரம் கழித்துப் பேச்சிமுத்து திரும்பினார். உடைந்த முனைகளைப் பார்த்தார்.

தட்டுத் தடுமாறி எழுந்து உட்கார்ந்தார்.

இடது கையால் ஷார்ப்னரை எடுத்தார். மடியில் கிடந்த வலது கைக்குள் அதைத் திணித்தார். பல்லைக் கடித்தார்.

கட்டைவிரல் அசைந்தது. ஆள்காட்டி விரல் மெல்ல மடங்கியது. பிறகு நடுவிரல்.

மூன்றும் சேர்ந்து ஷார்ப்னரைப் பிடித்துக்கொள்ள, இடது கை பென்சிலை நுழைத்துத் திருகியது.

மங்கையர்க்கரசிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"மூணு விரல் வந்துடுச்சா, ஐயா?"

"அது போன வாரமே வந்துடுச்சு" என்றார் பேச்சிமுத்து. "நாலாவது வர்ற நேரம் பார்த்து எல்லாத்தையும் சீவி வச்சிட்டீங்களேம்மா!"